கூறைத் தறிக்கு ஒரு சீவுளி

கட்டாரிலிருந்து என் தம்பி அனுப்பிய கார்கோ பெட்டியை மனைவி விறாந்தையில் வைத்துக் கத்தரிக்கோலால் கீறினாள். பால்மா, சவர்க்காரம், போர்வை, பிள்ளைகளுக்குச் சப்பாத்து. எல்லாவற்றுக்கும் அடியில், செங்கல் அளவில் ஓர் அட்டைப்பெட்டி. அதை அவள் தூக்கியபோது நான் இருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தேன். நாற்பத்தொன்பது வயதில் அப்படித் துள்ளக் கூடாதென்று யாரும் எழுதிவைக்கவில்லை.

"இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்றாள்.

"சீவுளி. மரம் சீவுற."

"சீவுளி எண்டா ஒரே துண்டா இரிக்கணும். இது உடைஞ்சு வந்திரிக்கே."

"உடையல்ல. நாமதான் பூட்டணும்."

"சாமான அனுப்பிப்போட்டு, மறுகா அதச் செய்ற வேலையும் நம்மளுக்கா?"

பெட்டிக்குள் இருந்த துண்டுகளை நான் சீமெந்துத் தரையில் பரப்பினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய பலகைகள். நடுவில் வைக்க ஒரு முன்கட்டை, சாய்வாக வெட்டிய ஒரு பின்கட்டை. ஓர் ஆப்பு. விரல் மொத்தத்தில் ஓர் உருட்டுக் குச்சி. உள்ளங்கை நீளத்தில் இரும்புத் தகடு, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தது. படங்கள் போட்ட ஒரு தாள், அதில் எழுத்தே இல்லை. மரம் வெளிறிய இளஞ்சிவப்பு. முகர்ந்தால் எங்கள் ஊர் மரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எந்தக் குளிர்நாட்டில் நின்றதோ, எந்தப் பறவை அதில் இருந்ததோ, இப்போது கிழக்கிலங்கையின் மருதமுனையில் என் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது.

பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புகளுடன் கழிக்கிறவன் நான். இரவில் வசனமும் கவிதையுமாக எதையாவது எழுதுவேன். இரண்டுமே தாள். கையால் தொட்டால் கனக்கிற ஒன்றையும் நான் செய்ததில்லை. சில மாதங்களுக்கு முன் தொலைபேசித் திரையில் எவனோ ஒருவன் மரத்தைச் சீவுவதைப் பார்த்துவிட்டேன். சீவுளியின் வாயிலிருந்து மெல்லிய சுருள் எழும்பி எழும்பி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, அவன் தோளின்மேல் விழுந்தது. சத்தம் கேட்டது: ஷ்ஷ்ஷ். பிட்டு மா அரிக்கும் சத்தத்தை நீட்டி இழுத்தால் எப்படியோ அப்படி. அந்தச் சத்தத்தை என் கையால் எழுப்ப வேண்டும் என்று ஒரு வெறி. தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு அனுப்பினான்.

அவ்வளவுதான் கதை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். பெட்டி வந்த மூன்றாம் நாள் கச்சான் காற்று பிடித்தது.

மேற்கே வயல்களைத் தாண்டி வருகிற காற்று அது. கடல் பக்கத்திலேயே இருந்தும் நாக்கு வறண்டுபோகும். உடுப்பு காயப்போட்ட உடனே காய்ந்துவிடும். நெசவுக்காரருக்கோ அது பகைவன். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் இழந்து பட்டுப்பட்டென்று அறும். அதனால் கச்சான் காலத்தில் என் மனைவி தறிக்கொட்டிலின் மண்தரைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். வாசலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவாள். கொட்டிலுக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போலிருக்கும்.

அந்த வருடம் நூல் தப்பியது. மரம் தப்பவில்லை.

தறியில் நாடா என்பது ஊடை நூலைச் சுமந்துகொண்டு பாவுக்குள் இடமும் வலமும் ஓடுகிற சிறு மரத்தோணி. அது ஓடுவதற்கென்று பாவுக்கு அடியில் நீளமாக ஒரு முதிரை மரப் பலகை இருக்கும். அவளுடைய உம்மா நெய்த காலத்துப் பலகை அது. நடுவிலிருந்து ஒரு முழம் இடப்பக்கமாக, அது மெல்ல நெஞ்சை நிமிர்த்திவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. நாடாவுக்குத் தெரிந்தது. அந்த இடம் வந்ததும் அது துள்ளும். பத்துத் தரத்தில் ஒரு தரம் பாவை விட்டே குதிக்கும். ஒருநாள் குதித்து, வாசலில் நின்ற கோழியை வேலி வரைக்கும் விரட்டியது. கோழி பிழைத்தது; ஏழு நூல் அறுந்தது.

தறியில் இருந்தது கூறைச் சேலை. அவளுடைய தங்கையின் மகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு கல்யாணம். 'என்ட கையால நெய்ததத்தான் நீ உடுத்தணும்' என்று அந்தப் பிள்ளை பாவாடை கட்டிய காலத்திலேயே சொல்லிவைத்திருந்தாள். சிவப்பும் தங்க நிறமுமாகப் பாவு ஏற்றிப் பாதி நெய்தாயிற்று. பாதி நெய்த சேலையைத் தறி மாற்ற முடியாது. அந்தப் பாவு அந்தத் தறியில்தான் முடிய வேண்டும். இல்லையென்றால் அறுக்க வேண்டும்.

ஓடாவிக்குப் பேசினாள். ஊரில் நல்ல மரவேலைக்காரர் அவர்தான். சாகாமத்தில் ஒரு வீட்டுக் கூரையில் நின்றுகொண்டு பதில் சொன்னார். காற்றின் சத்தம் ஸ்பீக்கரில் எங்கள் விறாந்தை வரைக்கும் வந்தது.

"பெருநாள் முடிஞ்சுதான் வருவன், தங்கச்சி. என்னட்ட இப்ப மெசின்தான் இரிக்கி. அந்தப் பலகைக்கு மெசினப் போட்டா அள்ளிப்போட்டுரும். கைச் சீவுளியால நாலு சீவல் எடுத்தாப் போதும்."

கைச் சீவுளி என்ற சொல் என் காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் சீவித் தாறன்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.

"நீங்க பென்சில் சீவினாலே கூர் உடையும்."

"இது வேற."

"அந்தப் பலகை பள்ளமாப் போனா என்ன நடக்கும் எண்டு தெரியுமா? மேடெண்டா நாடா துள்ளும். பள்ளமெண்டா நாடா போகவே போகா. கூறைய அறுத்துத்தான் எடுக்கணும்."

"தெரியும்."

"தெரியா. இப்பதான் தெரியும்." பிறகு கொஞ்சம் இறங்கிவந்தாள். "முதல்ல அதப் பூட்டுங்க. மறுகா பாப்பம்."

அந்த 'பாப்பம்' எனக்குப் போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். படத்தில், ஒட்டுப்பசை பூசிய துண்டுகளை ஏழெட்டு இரும்புப் பிடிகள் கவ்விக்கொண்டு நிற்கும். என்னிடம் ஒரு பிடிகூட இல்லை. மனைவியின் காக்காவிடம், அதாவது அவளுடைய அண்ணனிடம், போனேன். எங்கள் தெருமுனையில் சைக்கிள் திருத்துகிறவர்; பஞ்சர் ஒட்டுவதைவிட அடுத்தவர் காரியத்தில் பஞ்சர் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். பழைய டியூப்களை பட்டை பட்டையாகக் கீறி, தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்தார்.

"என்ன மச்சான், சீவுளி பூட்டுறீங்களாம். மறுகா சைக்கிளும் பொட்டியில வருமா? எனக்கு வேல போயிரும்."

"புடிங்க மச்சான், பசை காயிது."

பசை காய்ந்துவிடும் முன் எல்லாத் துண்டும் இடத்தில் நிற்க வேண்டும். கால் மணித்தியாலம்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கையோடு பசையைப் பூசினேன். பள்ளியில் தொழுகை தொடங்க இகாமத் சொல்வதற்குள் இறுக்கிவிட வேண்டுமென்று கணக்கு. டியூப்பை இழுத்து இழுத்து மச்சான் சுற்றினார். பிதுங்கிய பசை என் சாரன், தாடி, மச்சானின் கைக்கடிகாரம் என்று எல்லா இடத்தையும் தொட்டது. சுற்றி முடித்தபோது சீவுளி எங்கும் தெரியவில்லை; கறுத்த பொதி ஒன்று இருந்தது. உள்ளே ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே தாங்க முடியாததாயிருந்தது. ஜமாஅத்தில் கடைசி ஸஃப் வரிசையில் நின்று தொழுதேன். கையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துக் கழுவியே நேரம் போயிற்று.

பொதியை எங்கே காயவைப்பது? இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன். எங்கள் ஊரில் அருமையான பொருள் எதுவென்றாலும் கச்சானுக்கு மறைத்து வைப்போம். நூல் கண்டா, பாவா, சாயம் தோய்த்த நூற்கழியா, கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வை. இருபத்திரண்டு வருடம் நெசவுக்காரியோடு வாழ்ந்தவனுக்குக் கை தானாகவே அங்கே போகும். ஈரத் தரைக்கு மேலே, நனைந்த சாக்குக்குப் பக்கத்தில், குளிர்ந்த மூலையில் பொதியைப் பத்திரமாக வைத்தேன். மனைவி பார்த்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று மாலை தண்ணீர் தெளிக்கும்போது, பொதிக்கும் அன்பாக இரண்டு கை தெளித்தாளாம்.

மூன்றாம் நாள் டியூப்பை அவிழ்த்தேன். பசை தயிர் போல வெள்ளையாக, அழுத்தினால் நகம் பதிய நின்றது. ஒரு பக்கப் பலகை வாயைத் திறந்துகொண்டு விலகியது. அடிப்பாகம் முறுகியிருந்தது, மேசையில் வைத்தால் நொண்டியது.

மச்சான் வந்து பார்த்தார். விரலால் தட்டினார்.

"பசையக் காயவிடணுமா, ஊறவிடணுமா மச்சான்? படத்தில என்ன கிடக்கு?"

நான் படத்தாளைப் புரட்டிப் பார்த்தேன்.

"அச்சாருக்கு ஊறப்போட்ட மாதிரி இரிக்கி," என்றார்.

மனைவி கதவடியில் நின்றாள். தண்ணீர் தெளித்தது தான்தான் என்று அப்போதுதான் சொன்னாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை. சிரித்து முடிய அவள், "பெருநாளுக்குப் பதினொரு நாள்தான் இரிக்கி," என்றாள். சிரிப்பு அதோடு நின்றது.

துண்டுகளைப் பிரித்தேன். பழைய பசையைச் சுரண்டினேன். மறுபடி பூசி, மறுபடி சுற்றி, இந்தத் தடவை கச்சான் நேராக அடிக்கிற மதில் நிழலில், ஓட்டின் மேல் வைத்தேன். நாங்கள் வருடம் முழுக்க ஏசுகிற காற்று, இரண்டு பகலில் அதைக் கல்லாக்கித் தந்தது. தட்டினால் ஒரே மரம் போல ஒலித்தது.

அடிப்பாகத்தில் முறுக்கல் இன்னும் இருந்தது. விறாந்தைத் தரைக்கு டைல் பதித்தபோது மிஞ்சிய ஒரு டைலின் மேல் சேன்ட்பேப்பரை ஒட்டினேன். சீவுளியின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, அதன்மேல் தேய்த்தேன். உயர்ந்த இடத்தில் கோடு அழியும். தாழ்ந்த இடத்தில் நிற்கும். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழியும்வரை தேய்க்க வேண்டும். அலுவலகம் முடிந்து வந்து, மூன்று மாலை தேய்த்தேன். ஒரு மூலையில் ஒரு கோடு மட்டும் பிடிவாதமாக நின்றது. நான் வரிகளை அடித்து எழுதுகிறவன். ஒரு கோட்டை அழிப்பதில் இவ்வளவு சந்தோசம் கிடைக்குமென்று அதுவரை அறியேன். அது மறைந்த கணத்தில் பக்கத்தில் யாருமில்லை. அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது; அதனிடம் சொன்னேன்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு லீவு போட்டு, தகட்டைச் சாணைக்கல்லில் தீட்டினேன். முன்கையில் வைத்து இழுத்தால் மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது. இடுக்கில் இறக்கி, குறுக்குக் குச்சியின் கீழே ஆப்பைச் செருகி, சிறு சுத்தியலால் தட்டினேன். ஒரு தட்டு. இன்னொரு பாதித் தட்டு. வாய்க்கு வெளியே தகடு தெரிகிறதா இல்லையா என்ற அளவில் நின்றது.

பழைய மாம்பலகை ஒன்றை மதிலில் முட்டுக் கொடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தள்ளினேன். ஒன்றுமில்லை. சும்மா வழுக்கியது. தகட்டின் தலையில் இன்னொரு தட்டு. தள்ளினேன்.

ஷ்ஷ்ஷ்.

வாயிலிருந்து ஒரு சுருள் எழும்பியது. வெங்காயத் தோலைவிட மெல்லிசு. கையில் எடுத்தால் பாரமில்லை. சூரியனுக்கு நேரே பிடித்தால் அதற்குள் மரத்தின் ரேகைகள் ஓடின. இன்னொன்று. இன்னொன்று. நிறுத்த முடியவில்லை. காற்று அவற்றை அள்ளி முற்றம் முழுக்கப் போட்டது, கோழிகள் துரத்தின. மகள் பாடசாலையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்று, "வாப்பாவுக்கு என்ன நடந்த?" என்று தாயைக் கேட்டது எனக்குக் கேட்டது. அவள் சொன்ன பதிலும் கேட்டது: "ஒண்டுமில்ல. வேல செய்றாரு."

அந்தச் சுருள்களில் ஒன்றை மனைவி எடுத்து, விரலில் சுற்றிப் பார்த்தாள். அன்று அஸருக்குப் பின் பாவை அறுக்காமல் இழையை அடித்து நெருக்கும் தறி அச்சைத் தூக்கிக் கட்டி, தங்க இழைகளின் மேல் வெள்ளைச் சீலை போர்த்தி, மச்சானின் சைக்கிள் ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றி, முதிரைப் பலகையை வெளியே கொண்டுவந்தாள். விறாந்தையின் கட்டைச்சுவரில் கிடத்தினோம். பிடிக்க ஒன்றுமில்லை, மச்சான் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்தார்.

"என்னையும் சேத்துச் சீவிப்போட்டுராதீங்க."

முதல் தள்ளலுக்கு முன் சீவுளியை இரண்டு தரம் வைத்து எடுத்தேன். பயமும் ஆசையும் ஒரே நரம்பில் ஓடும் போலிருக்கிறது. தள்ளினேன். முதிரை மாம்பலகையல்ல. சத்தமே வேறு: கரகரவென்று ஒரு பல்லிளிப்பு. சீவுளி துள்ளி நின்றது. பலகையின் விளிம்போரமாக, பெருவிரல் நகமளவுக்கு, மரம் பெயர்ந்து குழியாகிக் கிடந்தது.

மச்சான் இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"போதும்," என்றேன். "ஓடாவி வரட்டும்."

"ஓடாவி வர கல்யாணம் முடிஞ்சிரும்," என்றாள் அவள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். கிட்ட வந்து குழியைத் தடவினாள். பிறகு தலையிலிருந்த முந்தானையின் நுனியை எடுத்து, பலகையை வலமிருந்து இடமாக ஒரு தரம் துடைத்தாள். இடமிருந்து வலமாக இன்னொரு தரம்.

"இஞ்ச பாருங்க. இப்பிடித் துடைச்சா சீல மாட்டுது. பஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்கி. இந்தப் பக்கமிருந்து துடைச்சா வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒவ்வொரு நாளும் துடைக்கிறவளுக்குத் தெரியாதா. நீங்க மாட்டுற பக்கமாத் தள்ளுறீங்க."

மரத்தின் நார் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதை அந்தப் படத்தாளும் சொல்லவில்லை, திரையில் பார்த்தவனும் சொல்லவில்லை. பூனையின் முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவியிருக்கிறேன்.

பலகையைத் திருப்பினோம். மச்சான் மற்ற முனைக்கு இடம் மாறினார். தள்ளுவதற்கு முன் அவள் "நில்லுங்க" என்று சொல்லி, கண்டிலிருந்து ஒரு பாவு நூலை இழுத்தாள். ஒரு நுனியைக் காக்காவிடம் கொடுத்து, மறு நுனியைத் தான் பிடித்து, பலகையின் மேல் விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். குனிந்து பார்த்தேன். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக ஓடியது. அந்த மேட்டில் மட்டும் இல்லை. அங்கே நூல் மரத்தில் சாய்ந்து படுத்திருந்தது.

"அந்த வெளிச்சம் முழுக்கப் போகணும். நூல் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரிப் படுக்கணும். அதுக்கு மேல ஒரு சீவலும் எடுக்கப்படா."

சீவுளியின் பின்புறத்தில் ஒரு சிறு தட்டுத் தட்டித் தகட்டைப் பின்னிழுத்துக்கொண்டேன். தள்ளினேன்.

ஷ்ஷ்ஷ்.

முதிரையின் சீவல் மஞ்சள். தேன் கலந்த வெளிச்சம் போல எழும்பி என் மணிக்கட்டில் சுற்றியது. பழைய மரத்துக்குள்ளிருந்து புது வாசம் வந்தது. அவள் நூலைப் பிடித்தாள், பார்த்தோம், மறுபடி சீவினேன். இரண்டு. மூன்று. ஒவ்வொரு சீவலுக்கும் மேடு ஒரு மூச்சு இறங்கியது, வெளிச்சக்கோடு இரு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்தது. நான்கு. எனக்குள் ஒரு குதிரை அவிழ்ந்துவிட்டது. ஐந்து. நூலைப் பிடித்தாள். வெளிச்சம் இல்லை.

"போதும்."

"இன்னொண்டு. அந்தக் குழியும் மறைஞ்சிரும்."

"குழி கிடக்கட்டும்."

சீவுளி பலகையின் மேல்தான் இருந்தது. தகடு கூர். கை சூடு. இன்னொரு சத்தத்துக்காக உடம்பு முழுக்க ஏங்கியது. எழுதும்போதும் இந்த இடத்தில்தான் நான் கெடுப்பேன், முடிந்த பிறகும் இன்னொரு வரி. அவள் நூலை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சீவுளியைத் தூக்கிச் சுவரில், பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன்.

மச்சான் இறங்கி, சாரனைத் தட்டிக்கொண்டார். "எனக்கும் கால் விறைச்சிட்டு," என்றார்.

குழியில் மெழுகுதிரியைத் தேய்த்து நிரப்பினாள். பலகையைப் பூட்டினோம். சீலையை நீக்கினாள். அச்சை இறக்கினாள். தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, நாடாவில் நூலைக் கோர்த்து, மிதியை மிதித்தாள். பாவு வாயைத் திறந்தது. நாடாவை ஓட்டும் கயிற்றை அவள் இழுக்கவில்லை. ஒரு கணம் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் வாசலில் நின்றார். நான் தறியின் தலைமாட்டில், குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டு.

இழுத்தாள்.

நாடா ஓடியது. மேடிருந்த இடம் வந்தது, கடந்தது. குழியின் மேல் ஒரு சின்ன 'டுக்', அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய் நின்றது. நூல் ஒன்றும் அறவில்லை. திரும்ப இழுத்தாள். வந்தது. அச்சை இழுத்து அடித்தாள். ஓர் இழை கூறையில் ஏறியது. மறுபடி. மறுபடி. டக் டக்கென்று கைவேகம் கூடிக்கொண்டே போயிற்று. அவளுடைய உதடு எதையோ ஓதியது, அல்லது இழைகளை எண்ணியது. ஒரு விரற்கடை சிவப்பு என் கண்முன் வளர்ந்தது. ஏதாவது சொல்வாள் என்று காத்து நின்றேன்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அங்கால தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."